மடையும் பயிரும்



இராமநாதபுரம் மாவட்டத்து ஆர்.எஸ்.மங்கலம், அதாவது இராசசிங்கமங்கலம், தன் பெரிய கண்மாயால் பெயர் பெற்ற ஊர். "நாரை பறக்காத 48 மடை" என்று அக்கண்மாயை எங்கள் வட்டாரத்தார் புகழ்வர். நாரையும் ஒரே மூச்சில் பறந்து கடக்க இயலாத நீண்ட கரை. அதில் 48 மடைகள் என்பது அதன் பொருள். இந்த வானம் பார்த்த சீமையில், பெய்த மழை கண்மாயில் தங்கி, மடை வழியாக அளவோடு வயலை அடைகிறது. மழைக்கும் பயிருக்கும் இடையே கண்மாய் நிற்கிறது. இந்த ஏற்பாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், மனித உடலின் சிறு சுரப்பி ஒன்றைப் பற்றி அறிவியல் ஒரு நூற்றாண்டுக் காலம் முயன்று கண்ட உண்மை எளிதில் விளங்கும். அந்த வரலாற்றையே நான் இன்று கூற விழைகின்றேன்.

அச்சுரப்பியின் பெயர் புரோஸ்டேட். அது ஆடவர்க்கே உரியது. சிறுநீர்ப்பையின் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி, பெரிய நெல்லிக்காயளவில் அமைந்துள்ளது. விந்துநீரின் ஒரு பகுதியைச் சுரக்கும் சுரப்பணுக்கள் அதில் ஒருவகை. அவற்றைச் சூழ்ந்து தாங்கும் நாரணுக்களும் தசையணுக்களும் மற்றொருவகை. இவற்றை இடைத்திசு என்போம். புற்று தோன்றுவது பெரும்பாலும் சுரப்பணுக்களிலேயே. ஆகவே மருத்துவ உலகம் நெடுங்காலம் சுரப்பணுவையே குற்றவாளி எனக் கருதியது. இடைத்திசுவை, கட்டடத்தைத் தாங்கும் வெறும் சாரம் என்று எண்ணி ஒதுக்கிவிட்டது.

இவ்வெண்ணத்தை முதலில் அசைத்தவருள் ஒருவர், இலண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட். மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் குறிப்புகளை அவர் ஆராய்ந்தார். நோய் உடலெங்கும் ஒரே சீராகப் பரவவில்லை. சில உறுப்புகளையே நாடிச் சென்றிருந்தது. விதை எத்திசையும் சிதறலாம், ஆனால் ஏற்ற நிலத்தில்தான் முளைக்கும் என்று 1889-இல் அவர் எழுதினார். புரோஸ்டேட் புற்று பரவுங்கால் எலும்பையே பெரிதும் நாடுகிறது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. எனினும் விதையை ஆராய்ந்தோர் பலர். நிலத்தை ஆராய்ந்தோர் சிலரே.

1941-இல் சிக்காகோ நகரில் சார்லசு ஹக்கின்சு என்பார் வேறொரு வாயிலைத் திறந்தார். ஆண் இயக்குநீரைத் தடுத்தால் பரவிய புரோஸ்டேட் புற்றும் ஒடுங்குகிறது என்று அவரும் அவர் துணைவர் ஹாட்சசும் காட்டினர். இதற்காக ஹக்கின்சு 1966-இல் நோபெல் பரிசு பெற்றார். எங்கள் ஊர் மொழியில் சொன்னால், மழையை நிறுத்தினால் பயிர் வாடும் என்பது உறுதியாயிற்று. ஆனால் அம்மழை நேரே பயிரின் மேல் பெய்கிறதா, கண்மாய் வழியாக வருகிறதா என்ற வினா எஞ்சி நின்றது.

அதற்கு விடை கண்டவர் சான் பிரான்சிஸ்கோவின் ஜெரால்டு குன்ஹா. ஆண் இயக்குநீரை உணரும் ஏற்பி பிறவியிலேயே பழுதுற்ற சுண்டெலி இனம் ஒன்று உண்டு. 1970-களின் பிற்பகுதியில், குன்ஹா அவ்வினத்தின் கருவிலிருந்தும் நல்ல இனத்தின் கருவிலிருந்தும் திசுக்களைப் பிரித்தெடுத்து, மாற்றி மாற்றி இணைத்து வளர்த்தார். இடைத்திசு பழுதற்றதாயின், பழுதுற்ற இனத்தின் சுரப்பணுவும் புரோஸ்டேட்டாக வளர்ந்தது. இடைத்திசு பழுதுற்றதாயின், நல்ல சுரப்பணுவும் அவ்வாறு வளரவில்லை. கருவில் இச்சுரப்பி உருவாகும்போது இயக்குநீரின் கட்டளையைக் கேட்பது இடைத்திசுவே. கேட்டபின் அது தன் அண்டையிலுள்ள சுரப்பணுவுக்கு ஏதோ ஒரு செய்தி அனுப்புகிறது. மழைக்கும் பயிருக்கும் இடையே கண்மாய் இருப்பது மெய்ப்பிக்கப்பட்டது.

மடை வழியே பாயும் அச்செய்தி எது? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் தோன்றியது. ஏறத்தாழ அதே காலத்தில் இவ்வினாவுக்கு வழி திறந்துகொண்டிருந்தது. ரீட்டா லெவி மொண்டால்சினி என்ற இத்தாலியப் பெண்மணி, எலியின் கட்டி ஒன்றைக் கோழிக் கருவில் வைத்தபோது, கட்டி தொடாத இடங்களிலும் நரம்புகள் தழைத்து வளர்வதைக் கண்டார். கட்டியிலிருந்து ஏதோ ஒரு பொருள் கசிகிறது என உணர்ந்தார். ஸ்டான்லி கோஹன் அப்பொருளைப் பிரித்தெடுத்தார். அணுக்கள் ஒன்றற்கொன்று விடுக்கும் இத்தகைய புரதத் தூதுகளே வளர்ச்சிக் காரணிகள். இருவரும் 1986-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். பின்னர் 1989-இல், நாரணுக்கள் சுரந்து சுரப்பணு போன்றவை மட்டுமே ஏற்கும் காரணி ஒன்று அறியப்பட்டது. எஃப்.ஜி.எஃப்.-7 என்பது அதன் பெயர். புரோஸ்டேட்டின் மடைநீருள் அதுவும் ஒன்று.

இனிப் புற்றுக்கு வருவோம். டெக்சாசு மாநிலத்தில் மெக்கீகன் குழுவினர் 1993-இல் வெளியிட்ட ஆய்வு, எலியின் புரோஸ்டேட் கட்டியைப் பற்றியது. கட்டி கொடிதாக மாறுங்கால், சுரப்பணு தன் ஏற்பியின் வடிவையே மாற்றிக்கொள்கிறது. இடைத்திசுவின் செய்தி அதன் செவியில் ஏறுவதில்லை. தனக்கு வேண்டிய காரணியைத் தானே ஆக்கிக்கொள்கிறது. மடைநீருக்குக் காத்திராமல் பயிர் தன் காலடியில் கிணறு தோண்டிக்கொண்டது போன்றதே இது. கண்மாயின் கட்டுப்பாடு அத்துடன் முடிகிறது.

கண்மாயே கெட்டுப்போவதும் உண்டு. 1999-இல் சான் பிரான்சிஸ்கோவினர், புற்றுக் கட்டியினின்று எடுத்த நாரணுக்களை, புற்றாக மாறாத, ஆனால் மாறும் முதற்படியில் நின்ற சுரப்பணுக்களுடன் சேர்த்துச் சுண்டெலிகளில் வைத்தனர். கட்டிகள் வளர்ந்தன. நலமான நாரணுக்களைச் சேர்த்தபோது அவ்வாறு வளரவில்லை. எனவே புற்றை ஒரு தனி அணுவின் கலகம் என்பது போதாது. அண்டையார் இருவரின் உரையாடல் சீர்குலைந்த நிலை என்பதே பொருந்தும்.

நம் தமிழகமும் இவ்வாராய்ச்சியில் பங்கு கொண்டுள்ளது. சென்னைப் பல்கலைக்கழகத் தரமணி வளாகத்தின் உட்சுரப்பியல் துறையினர், வெங்காயத்திலுள்ள குவெர்செட்டின், வேப்பிலையிலுள்ள நிம்போலைடு ஆகிய பொருள்கள் புரோஸ்டேட் புற்றணுக்களில் வளர்ச்சிக் காரணிகளின் செய்தியைத் தடுப்பதை ஆராய்ந்து வெளியிட்டனர். நோயாளி ஒருவரின் எலும்பில் பரவிய கட்டியிலிருந்து பெறப்பட்டு, 1979-இல் அறிவிக்கப்பட்ட அணு மரபை அவர்கள் பயன்படுத்தினர். இதைக் கேட்டு எவரும் வேப்பிலையை மருந்தாக நம்பி மருத்துவரைக் கைவிடலாகாது. கண்ணாடித் தட்டில் இருப்பது விதை மட்டுமே. நிலம் அங்கே இல்லை. தட்டில் வென்ற பொருள் உடலில் வெல்லுமா என்பதை மனிதரிடம் முறையாகச் சோதித்தே அறிய முடியும்.

இவ்வரலாறு உங்களுக்கு இரண்டு கடமைகளை உணர்த்தும். ஒன்று, ஆய்வுக்கூடத்தில் நுழைவோர்க்கு: கண்ணுக்கு முதலில் படுவதை மட்டும் ஆராயாதீர், அதன் அண்டையையும் ஆராயுங்கள். மற்றொன்று, எல்லார்க்கும் உரியது. நம் ஊர்ப் பெரியவர்கள் சிறுநீர்த் தொல்லையை முதுமையின் இயல்பென்றும், வெட்கப்படத்தக்க செய்தியென்றும் மறைத்துவிடுகின்றனர். அத்தொல்லை பெரும்பாலும் புற்றன்று என்பது உண்மை. ஆயினும் எது புற்று, எதுவன்று என்பதை வீட்டில் இருந்தபடி அறிய இயலாது. தொடக்கத்தில் புற்று எந்தக் குறியும் காட்டாமல் இருப்பதும் உண்டு. முதுகெலும்பில் வலி தோன்றும் வேளையில் விதை தன் நிலத்தை அடைந்திருக்கக்கூடும். உங்கள் பாட்டனார் இரவில் பலமுறை எழுந்து செல்வதைக் கண்டால், வாளாவிராதீர். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கூச்சத்தால் அவர் சொல்லத் தயங்கும் சொல்லை, அருகில் நின்று நீங்களே சொல்லுங்கள்.