மாலிக்கும் மலிக்கும்

திருக்குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவில் வரும் ஒரு சொல்லைக் கெய்ரோவில் ‘மாலிக்’ என்று ஓதுகிறார்கள். மொராக்கோவின் ஃபெஸ் நகரில் அதுவே ‘மலிக்’. நெடில் குறிலானதும் ‘உரிமையாளன்’ ‘அரசன்’ ஆகிவிடுகிறான். ஆனாலும் யாரும் யாரையும் திருத்துவதில்லை.

திருத்தப் பாய்ந்தவர் ஒருவர் உண்டு. சாமானியர் அல்ல, நபித்தோழர் உமர். ஹிஷாம் இப்னு ஹகீம் என்ற தோழர் தொழுகையில் ஃபுர்கான் அத்தியாயத்தைத் தாம் கற்றதற்கு மாறாக ஓதக் கேட்டார். தொழுகை முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர், பிறகு மேலாடையைப் பிடித்து அவரை நபிகளிடம் இழுத்துப் போனார். இருவரையும் ஓதச் சொல்லிக் கேட்ட நபிகள், இரண்டு விதமாகவும் இறங்கியது என்றார்கள். புகாரி தொகுப்பில் உள்ள ஹதீஸ் இது.

கலீஃபா உஸ்மான் நகரங்களுக்கு அனுப்பிய பிரதிகளில் எழுத்துக்குப் புள்ளியும் கிடையாது, உயிர்க்குறியும் கிடையாது. ஓதத் தெரிந்த ஒருவர் வாய்வழி கேட்டால்தான் உண்டு. மதீனாவில் நாஃபிஃ, கூஃபாவில் ஆஸிம் என ஊருக்கு ஊர் இமாம்கள் எழுந்தார்கள். பட்டியல் நீண்டுகொண்டே போகவே, 936இல் மறைந்த பாக்தாத் அறிஞர் இப்னு முஜாஹித் ஏழு பேரோடு கோடு கிழித்தார். உஸ்மானியப் பிரதிக்கு ஒவ்வாத விதமாக ஓதிய இப்னு ஷன்னபூத், 935இல் அமைச்சர் இப்னு முக்லாவின் முன் சாட்டையடி வாங்கிப் பின்வாங்கினார். 1429இல் மறைந்த இப்னுல் ஜஸரி மேலும் மூவரின் ஓதலை நிலைநாட்ட, ஏழு பத்தாயிற்று.

இத்தனை வேறுபாட்டையும் மாணவன் எப்படி நினைவில் வைப்பான்? ஸ்பெயினின் ஷாதிபா ஊரில் பிறந்து 1194இல் கெய்ரோவில் மறைந்த பார்வையற்ற அறிஞர் ஷாதிபி, எல்லாவற்றையும் 1173 வரிகளில் பாட்டாகவே கட்டிவிட்டார். இமாம்களின் பெயரைப் போட்டால் யாப்பு இடறும். அதனால் ஆளுக்கு ஓர் எழுத்து. ஆஸிமுக்கு ‘நூன்’, கிஸாயீக்கு ‘ரா’. ‘மாலிக்’ பற்றிய வரியில் சாதாரணச் சொற்கள் இரண்டு வருகின்றன: ஒன்று ராவில் தொடங்கும், மற்றது நூனில். விவரம் தெரியாதவனுக்கு அது வெறும் கவிதை. தெரிந்தவனுக்கோ, ஏழு பேரில் நெடிலாக ஓதுபவர்கள் இந்த இருவர் என்ற குறிப்பு. கிராஅத் எனப்படும் ஓதல் கலையின் மாணவர்கள் இன்றும் இதைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள்.

இதை உச்சரிப்பு ஆராய்ச்சி என்று ஒதுக்கிவிட முடியாது. ஒளு, அதாவது தொழுகைக்கு முந்தைய தூய்மை, பற்றிய வசனத்தில் ‘உங்கள் கால்கள்’ என்பதை ஹஃப்ஸ் ‘அர்ஜுலகும்’ என்றும் ஷுஅபா ‘அர்ஜுலிகும்’ என்றும் ஓதுகிறார்கள். இருவருமே ஆஸிமின் மாணவர்கள்! முன்னதன்படி காலைக் கழுவ வேண்டும். பின்னது ஈரக்கையால் தடவுவதற்கு இடம் தருகிறது. காலில் தோலுறை அணிந்தவர் அதன்மேல் தடவும் சலுகையோடு இதைப் பொருத்திக் காட்டும் சுன்னி அறிஞர்கள் உண்டு. கிராஅத் படிக்காத ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) மாணவனுக்கு இந்த விவாதம் பாதிதான் பிடிபடும்.

இன்று உலகின் பெரும்பகுதி, தமிழக மத்ரஸாக்கள் உட்பட, ஹஃப்ஸ் வழியில்தான் ஓதுகிறது. துருக்கிய உஸ்மானியப் பேரரசின் செல்வாக்கும் 1924இன் கெய்ரோ அச்சுப் பதிப்பும் அதற்குக் கைகொடுத்தன. மற்றவை தரத்தில் குறைந்தவை என்பதால் அல்ல. மொராக்கோவிலும் அல்ஜீரியாவிலும் வர்ஷ், லிபியாவில் காலூன், சூடானில் அத்தூரி ஆகிய வழிகள் இன்றும் நடப்பில் உள்ளன. எகிப்தியக் காரி (ஓதுநர்) மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி, ஹஃப்ஸோடு சேர்த்து இந்த நான்கு வழிகளிலும் ஓதிப் பதிவு செய்திருக்கிறார்.