கடல் கடந்த தமிழரும் அடையாளச் சீட்டும்

அயல்நாடு செல்பவர் தாம் இன்னார் என்று காட்ட வைத்திருக்கும் சீட்டு, தமிழர் வரலாற்றில் பல பெயர்களில் வந்துள்ளது. நேட்டாலில் அது ஒப்பந்த எண், டிரான்ஸ்வாலில் அனுமதிச் சீட்டு, இலங்கையில் துண்டு, இன்று கடவுச்சீட்டு எனப்படும் பாஸ்போர்ட். அதைத் திருடுவதும், பிறர் பெயரில் பயன்படுத்துவதும், உரியவரிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்வதும் புதியவை அல்ல.

நேட்டாலும் டிரான்ஸ்வாலும்

சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. நேட்டாலுக்கான முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் அதில் வந்தனர். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. அத்துடன் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடலில் உள்ள தழும்பு அல்லது மச்சம் ஆகியவையும் பதிவாயின. பள்ளி மாற்றுச் சான்றிதழில் கேட்கப்படும் அங்க அடையாளங்களும் இவ்வகையைச் சேர்ந்தவையே. எழுத்தரின் காதில் விழுந்தபடி பதிவான பெயர் பல குடும்பங்களில் அப்படியே நிலைத்துவிட்டது. முதலி அங்கே 'மூட்லி' ஆனது இப்படித்தான்.

போயர் போர் 1902-இல் முடிந்தது. அதன்பின் டிரான்ஸ்வாலுக்குள் நுழைய இந்தியருக்கு அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. ஜோகன்னஸ்பர்க் ஆசியர் துறை அலுவலகத்தில் அது பணத்துக்கு விற்கப்பட்டதைக் காந்தி தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். இரண்டு அதிகாரிகள் மீது வழக்கு நடந்தது. ஜூரிகள் அவர்களை விடுவித்தாலும் பின்னர் வேலை போயிற்று. ஆனால் இந்தியர்கள் பிறர் சீட்டைக் கொண்டு நுழைகிறார்கள் என்பதையே அரசு பெரிதாகப் பேசியது. 1907-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியர்கள் பத்து விரல் ரேகைகளைப் பதிந்து சான்றிதழ் பெற வேண்டியதாயிற்று. விற்றவர்கள் அலுவலகத்துக்குள் இருக்க, சந்தேகம் மட்டும் சமூகம் முழுவதன் மேலும் விழுந்தது.

எதிர்ப்பில் தமிழர்கள் முன்னணியில் நின்றனர். உடன்பாட்டின்படி தாமாக முன்வந்து பதிவு செய்ய 1908 பிப்ரவரி 10 அன்று காந்தி சென்றபோது அவர் தாக்கப்பட்டார். உடன் சென்ற தம்பி நாயுடுவும் அடிபட்டார். அரசு வாக்கை மீறியது என்று கூறி, அவ்வாண்டு ஆகஸ்ட் 16 அன்று ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதி வெளியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் எரிக்கப்பட்டன.

துண்டும் தகரமும்

இலங்கைத் தோட்டங்களில் நிலைமை வேறு. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக விரும்பும் தொழிலாளிக்கு 'துண்டு' வேண்டும். அவர் பெயரில் உள்ள கடன் எவ்வளவு, அதைக் கட்டினால் அவரை விடுவிக்கச் சம்மதம் என்று பழைய தோட்டத்துரை எழுதித் தரும் சீட்டு அது. ஆங்கிலேயர்களும் அதைத் துண்டு என்றே எழுதினர். ஆள் தொழிலாளி; கடனும் அவர் தலையில்; துண்டு மட்டும் கங்காணியின் கையில். புதிய தோட்டம் கொடுத்த பணத்தில் பழைய கடன் தீரும், தொழிலாளி பெயரில் புதுக் கடன் ஏறும். 1921-இல் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

தமிழகத்திலிருந்து புதிதாகச் சென்றவர்கள் கழுத்தில் தகர வில்லை தொங்கியது. அதில் தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். வழிச்செலவைத் தோட்டத்தின் கணக்கில் எழுத அது போதும். அணிந்தவர் பெயர் அதில் கிடையாது.

கடவுச்சீட்டு

இந்தியக் கடவுச்சீட்டுச் சட்டம் 1920-இல் வந்தது. நாடுகளுக்குப் பொதுவான புத்தக வடிவம் அதே ஆண்டு பாரிஸ் மாநாட்டில் பரிந்துரைக்கப்பட்டது. இன்று நடைமுறையில் உள்ளது 1967-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 12-ஆம் பிரிவின்படி பிறருடைய கடவுச்சீட்டைத் தெரிந்தே பயன்படுத்துவது குற்றம். தன்னுடையதைப் பிறருக்குக் கொடுப்பதும் குற்றம். 17-ஆம் பிரிவு, கடவுச்சீட்டு மத்திய அரசின் உடைமை என்கிறது. வேலைக்கு வைத்தவரோ முகவரோ அதைப் பிடித்து வைக்கும்போது இப்பிரிவை நினைவில் கொள்வது நல்லது. வளைகுடாவிலும் சட்டங்கள் மாறியுள்ளன. தொழிலாளியின் கடவுச்சீட்டை முதலாளி வைத்துக்கொள்ளக் கத்தாரின் 2015-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்து, அபராதமும் வைத்தது. ஆனாலும் "அலுவலகத்தில் பத்திரமாக இருக்கும்" என்ற பேச்சு நிற்கவில்லை.

2022-இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற தமிழக இளைஞர்கள் மியான்மரின் மியாவடிப் பகுதிக்குக் கடத்தப்பட்டனர். கடவுச்சீட்டுகள் பறிக்கப்பட்டன, போலிப் பெயர்களில் இணையக் கணக்கு தொடங்கி முன்பின் அறியாதவர்களை ஏமாற்றும் வேலை தரப்பட்டது. அவர்களில் 13 பேர் அக்டோபர் தொடக்கத்தில் சென்னை திரும்பினர்.

திருட்டும் காப்பும்

2014 மார்ச் 8 அன்று கோலாலம்பூரிலிருந்து புறப்பட்டு மறைந்த எம்.எச். 370 விமானத்தில் இருவர் திருட்டுக் கடவுச்சீட்டில் பயணம் செய்தனர். ஒன்று ஆஸ்திரியருடையது, மற்றொன்று இத்தாலியருடையது; இரண்டும் தாய்லாந்தில் களவு போனவை. விமானத்தில் இறந்ததாகக் கருதப்பட்ட இத்தாலியர் தாய்லாந்தில் விடுமுறையில் இருந்தார். முந்தைய ஆண்டு, வாடகை மோட்டார் சைக்கிளுக்குப் பிணையாகக் கடவுச்சீட்டைக் கொடுத்ததில் அது போயிற்று எனச் செய்திகள் கூறின. இரண்டும் களவு போனவை என்பது இன்டர்போலின் தரவுத்தளத்தில் பதிவாகியிருந்தது. விமான நிலையத்தில் யாரும் அதைப் பார்க்கவில்லை.

சென்னை மண்டல அலுவலகம் 2025 மார்ச் முதல் சில்லு பதித்த மின்கடவுச்சீட்டை வழங்குகிறது. சில்லு, போலி தயாரிப்பதைக் கடினமாக்கும். பிணையாகக் கொடுத்ததைத் திருப்பி வாங்கித் தராது. விடுதியில் பதிவுக்குக் காட்டியதும் கையோடு வாங்கிக்கொள்வதும், படியெடுத்த தாளைத் தனிப் பையிலும் ஒரு படியை ஊரில் உள்ள உறவினரிடமும் வைப்பதும், பயணச்சீட்டின் படத்தைப் பெருமைக்காக இணையத்தில் போடாமல் இருப்பதும் செலவில்லாத காப்புகள். தொலைந்தால் அவ்வூர்க் காவல் நிலையத்தில் புகார் எழுதி வாங்கி, இந்தியத் தூதரகத்துக்குச் செல்ல வேண்டும். நாடு திரும்ப மட்டும் செல்லும் அவசரச் சான்றிதழ் அங்கே கிடைக்கும். தொலைந்ததாகப் பதிவான கடவுச்சீட்டு பின்னர் கைக்குக் கிடைத்தாலும் அதைக் கொண்டு பயணம் செய்ய இயலாது.