கையில் 60,000 ரூபாய்: மேக் வாங்கலாமா, விண்டோஸ் போதுமா?

வேலைக்குச் சேர்ந்து நாலு மாதச் சம்பளம் கைக்கு வந்ததும் சொந்தமாக ஒரு லேப்டாப் வாங்கும் எண்ணம் பலருக்கும் வரும். "இன்னும் கொஞ்சம் போட்டா மேக்கே வாங்கிடலாமே" என்பார் ஒரு நண்பர். "அந்தக் காசுல ரெண்டு விண்டோஸ் லேப்டாப் வாங்கலாம்" என்பார் இன்னொருவர்.

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதியைத் தீர்மானிப்பது உங்கள் வேலை என்ன, அந்தக் கணினியை எத்தனை ஆண்டுகள் வைத்திருக்கப் போகிறீர்கள் என்பதுதான். 50,000 முதல் 1 லட்சம் ரூபாய் வரை பட்ஜெட் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியவற்றை இங்கே பார்க்கலாம்.

விலை வித்தியாசம் எவ்வளவு?

மேக்புக் ஏர் எம்4 மாடல் 2025 மார்ச்சில் இந்தியாவில் 99,900 ரூபாய்க்கு அறிமுகமானது. அந்த விலைக்கு 16 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. 512 ஜிபி உள்ள அடுத்த மாடல் அப்போது 1,19,900 ரூபாயாக இருந்தது. மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் அப்போதைய தொடக்க விலை 89,900 ரூபாய்.

அதே 2025-ல் 50,000 முதல் 60,000 ரூபாய்க்குள் 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி கொண்ட விண்டோஸ் லேப்டாப்கள் கிடைத்தன. ஆண்டின் இறுதியில் மெமரி சிப் விலை ஏறத் தொடங்கியது. அதனால் பழைய வீடியோவில் சொன்ன விலையை நம்பாமல், வாங்கும் நாளில் என்ன விலை என்று பார்ப்பது நல்லது.

உங்கள் வேலை எந்த மென்பொருளில் நடக்கிறது?

விலையைப் பார்ப்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. சில வேலைகளில் தேர்வு செய்யவே இடமில்லை.

கணக்கு, ஆடிட்டிங் துறையில் இருந்தால் டேலி தேவைப்படும். டேலி பிரைம் விண்டோஸுக்காக உருவாக்கப்பட்டது. மேக்கில் நேரடியாக இன்ஸ்டால் ஆகாது. டேட்டா அனலிஸ்ட்கள் பயன்படுத்தும் பவர் பிஐ டெஸ்க்டாப்பும் விண்டோஸில் மட்டும்தான். மேக்கில் எக்செல் உண்டு, ஆனால் அதில் பவர் பிவட் கிடையாது. சிவில், மெக்கானிக்கல் பொறியாளர்களைப் பொறுத்தவரை ஆட்டோகேட் இரண்டிலும் இருக்கிறது. ரெவிட், சாலிட்வொர்க்ஸ் இரண்டுக்கும் விண்டோஸ் வேண்டும்.

மறுபக்கம், ஐபோன் செயலி உருவாக்க எக்ஸ்கோடு தேவை. அது மேக்கில்தான் ஓடும். வீடியோ எடிட்டிங்குக்கான ஃபைனல் கட் புரோ, இசைக்கான லாஜிக் புரோ ஆகியவையும் அப்படியே.

வெப் டெவலப்மென்ட், எழுத்து, டிஜிட்டல் மார்க்கெட்டிங், பிரவுசரிலேயே முடிகிற வேலைகள் என்றால் இரண்டுமே சரிவரும். தமிழ்99 விசைப்பலகையும் இரண்டிலும் உண்டு.

"மேக்ல விண்டோஸ் போட்டுக்கலாமே?"

பழைய இன்டெல் மேக்குகளில் பூட் கேம்ப் மூலம் விண்டோஸை நேரடியாக நிறுவ முடிந்தது. 2020 நவம்பரில் எம்1 சிப்புடன் வந்த மேக்குகளிலிருந்து அந்த வசதி இல்லை. பேரலல்ஸ் போன்ற மென்பொருளுக்குள் விண்டோஸ் 11-ன் ஆர்ம் பதிப்பை ஓட்டலாம். பேரலல்ஸுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். சில யுஎஸ்பி டோக்கன் டிரைவர்கள், பழைய ஆபீஸ் மென்பொருள்கள் அதில் ஒத்துழைக்காமல் போகலாம். எப்போதாவது தேவைப்படுகிறவருக்கு இது போதும். தினமும் விண்டோஸ் மென்பொருளில் வேலை பார்ப்பவர் விண்டோஸ் கணினியே வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

விண்டோஸ் வாங்கும்போது எங்கே ஏமாறுகிறோம்?

"ஐ5 இருக்கு, ரைசன் 5 இருக்கு" என்று கடையில் சொல்வதோடு நின்றுவிடக் கூடாது. முழு மாடல் எண்ணையும் கேளுங்கள். ஏஎம்டியின் ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ இரண்டையும் எடுத்துக்கொள்வோம். ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம். முதலாவது 2019-ல் வந்த ஜென் 2 வடிவமைப்பில் அமைந்தது, 4 கோர். இரண்டாவது ஜென் 3, 6 கோர். இந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் சிப்பின் தலைமுறையைச் சொல்கிறது. அட்டையில் பெரிதாகத் தெரிவது "ரைசன் 5" மட்டுமே.

அடுத்தது ரேம். 8 ஜிபி என்றால், பின்னால் கூட்ட ஸ்லாட் இருக்கிறதா என்று கேளுங்கள். போர்டிலேயே பொருத்தப்பட்டு, கூடுதல் ஸ்லாட்டும் இல்லை என்றால் கடைசி வரை 8 ஜிபிதான். இருபது டேப், ஒரு வீடியோ மீட்டிங், ஒரு எக்செல் என்று திறந்து வைப்பவருக்கு அது சீக்கிரமே திணறும்.

மூன்றாவது திரை. விவரக் குறிப்பில் '45 சதவீத என்டிஎஸ்சி' என்று இருந்தால் நிறங்கள் வெளிறித் தெரியும். டிசைன், போட்டோ வேலை செய்பவர்கள் '100 சதவீத எஸ்ஆர்ஜிபி' என்று இருப்பதைத் தேடலாம். மேக்புக் ஏரில் திரை, டச்பேட், பேட்டரி பற்றி இவ்வளவு ஆராய்ச்சி தேவைப்படாது. அந்த விலையில் ஒரு பங்கு அதற்குத்தான். ஆனால் அதிலும் ரேம், எஸ்எஸ்டியை வாங்கிய பிறகு கூட்ட முடியாது.

செகண்ட் ஹேண்ட் மேக் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் இன்டெல் மேக் வேண்டாம். 2025 செப்டம்பரில் வந்த மேக்ஓஎஸ் டாஹோதான் இன்டெல் மேக்குகளுக்கான கடைசிப் பெரிய பதிப்பு என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. அந்தப் பதிப்பே எல்லா இன்டெல் மேக்குக்கும் கிடைக்கவில்லை. "30,000 ரூபாய்க்கு மேக்புக் புரோ" என்று விளம்பரம் பார்த்தால், முதலில் எந்த சிப் என்று கேளுங்கள்.

எம்1 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் யோசிக்கலாம். ரேம் 8 ஜிபியா, 16 ஜிபியா என்று பாருங்கள். பேட்டரி சைக்கிள் எண்ணிக்கையை சிஸ்டம் தகவலில் பார்க்கலாம். இந்த லேப்டாப்களுக்கு ஆப்பிள் குறிப்பிடும் வரம்பு 1,000 சைக்கிள். விற்பவரின் ஆப்பிள் கணக்கு நீக்கப்பட்டு, ஆக்டிவேஷன் லாக் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். உங்கள் கண் முன்னே ரீசெட் செய்து காட்டச் சொல்லுங்கள். அதற்கு முன் பணம் அனுப்ப வேண்டாம்.

பழைய விண்டோஸ் லேப்டாப்புக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக 8-ம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய சிப் வேண்டும். அது இல்லாத லேப்டாப் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் லாபம் இல்லை.

மேக் மினி ஒரு வழியா?

எம்4 மேக் மினி 2024-ல் 59,900 ரூபாய்க்கு அறிமுகமானது. 16 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. மேக் கட்டாயம் தேவை, லேப்டாப் கட்டாயம் இல்லை என்பவர்களுக்கு நல்ல வழி. ஆனால் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் தனி. மின்வெட்டு உள்ள பகுதி என்றால் யுபிஎஸ்ஸும் தேவை. இதையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அடிக்கடி அறை மாறுகிறவர்களுக்கும், ஊருக்குப் போய் அங்கிருந்தே வேலை பார்க்கிறவர்களுக்கும் இது ஒத்துவராது.

வருடக் கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு எளிய கணக்கு போட்டுப் பார்ப்போம். 99,900 ரூபாய் மேக்கை 6 ஆண்டுகள் பயன்படுத்தினால் ஆண்டுக்கு 16,650 ரூபாய். கடைசியில் 20,000 ரூபாய்க்கு விற்க முடிந்தால் அது சுமார் 13,300 ஆகக் குறையும். 55,000 ரூபாய் விண்டோஸ் லேப்டாப்பை 4 ஆண்டுகள் ஓட்டிவிட்டு ஒன்றும் கிடைக்காமல் தூக்கிப் போட்டால் ஆண்டுக்கு 13,750 ரூபாய்.

ஆக, நீண்ட நாள் வைத்திருப்பவருக்கு மேக் அவ்வளவு 'காஸ்ட்லி' இல்லை. அதே விண்டோஸ் லேப்டாப் 5 ஆண்டு ஓடினால் ஆண்டுக்கு 11,000 ரூபாய்தான். மேக் மூன்றாம் ஆண்டில் கீழே விழுந்து உடைந்தாலோ கணக்கு மொத்தமும் தலைகீழாகிவிடும். தண்ணீர் சிந்தினாலும், கீழே விழுந்தாலும் வழக்கமான ஓராண்டு வாரண்டி கைகொடுக்காது.

இஎம்ஐயில் வாங்கினால்?

99,900 ரூபாயை 12 மாதத் தவணையாகப் பிரித்தால் மாதம் 8,325 ரூபாய். 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்றாலும் செலவே இல்லை என்று அர்த்தமில்லை. பொதுவாக வட்டித் தொகை விலையில் தள்ளுபடியாகக் கழிக்கப்படும். அந்த வட்டி மீதான 18 சதவீத ஜிஎஸ்டியும், பிராசசிங் கட்டணமும் உங்கள் தலையில்தான் விழும். முழுப் பணம் கட்டினால் கிடைக்கும் உடனடித் தள்ளுபடி, இஎம்ஐயில் கிடைக்காமலும் போகலாம். வாடகை, வீட்டுக்கு அனுப்புவது, கல்விக் கடன் எல்லாம் போக மிச்சம் இருப்பதில் அந்தத் தவணை நிற்குமா? ஒரு மாதம் சம்பளம் தள்ளிப்போனால் என்ன செய்வீர்கள்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்த பிறகே கார்டை எடுங்கள்.

சரி, அப்போ எதை வாங்கலாம்?

வேலைக்கு டேலி, பவர் பிஐ, ரெவிட் போன்றவை வேண்டும் என்றாலோ, கேம் விளையாடுவீர்கள் என்றாலோ விண்டோஸ். பட்ஜெட் 60,000-ஐத் தாண்டாது என்றாலும் 16 ஜிபி ரேம் கொண்ட நல்ல விண்டோஸ் லேப்டாப்பே போதும்; கடன் வாங்கி மேக்குக்குப் போக வேண்டியதில்லை.

ஐபோன் செயலி, வீடியோ, இசை என்று அந்தக் கணினியால் நேரடியாகச் சம்பாதிக்கப் போகிறீர்கள் என்றால் மேக். பணம் கையில் இருக்கிறது, 5, 6 ஆண்டுகள் மாற்றப் போவதில்லை, நாள் முழுக்க சார்ஜர் இல்லாமல் வெளியே சுற்றுகிறீர்கள் என்றாலும் மேக்.

இரண்டில் எதை எடுத்தாலும், பட்ஜெட்டில் 5,000 ரூபாயாவது தனியாக எடுத்து வையுங்கள். ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கி, வாரம் ஒருமுறை ஃபைல்களை பேக்கப் எடுத்துவிடுங்கள். லேப்டாப் போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். இரண்டு வருட வேலை போனால் எந்தக் கடையிலும் கிடைக்காது.