லூவ்வா: ஒரு மந்திரி, ஒரு கணினி

எங்கள் புதுச்சேரியில் "சொல்தா" என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிரெஞ்சில் பட்டாளச் சம்பளத்துக்கு "சோல்த்" என்று பெயர். இரண்டும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். சம்பளம் இல்லாமல் சொல்தா இல்லை.

பள்ளியில் பிரெஞ்சு வாத்தியார் சொல்லித் தந்த பதினான்காம் லூயி, வெர்சாய் மாளிகையும் போர்களுமாகத்தான் மனதில் நின்றார். அவருடைய போர் மந்திரி லூவ்வாவின் (1641–1691) அருமை, நான் சர்க்கார் ஆபீசில் சம்பளப் பட்டியல் எழுதத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு கம்பெனியும் அதன் கப்பித்தேனுடைய சொத்து மாதிரி. தலைக்கு இவ்வளவு என்று அரசர் பணம் தருவார். ஐம்பது பேர் பட்டியலில் இருப்பார்கள், முகாமில் முப்பது பேர்தான் இருப்பார்கள். தலை எண்ண அதிகாரி வரும் அன்று வேலைக்காரனையும் கூலி ஆளையும் துப்பாக்கியோடு வரிசையில் நிறுத்திவிடுவார்கள். இவர்களுக்கு "பாஸ் வொலான்" என்று பெயர். மிச்சச் சம்பளம் கப்பித்தேன் பைக்குள் போகும்.

லூவ்வா இதை விடவில்லை. தணிக்கை அதிகாரிகளை முகாம் முகாமாக அனுப்பினார். பிடிபட்ட போலி ஆளுக்குக் கசையடி, பிறகு மூக்கறுப்பு என்று தண்டனைகள் வந்தன. காட்டிக்கொடுத்த சிப்பாய்க்குப் பணமும், பட்டாளத்திலிருந்து விடுதலையும் கிடைத்தன. மோசடி அடியோடு ஒழியவில்லை, ஆனால் குறைந்தது.

இப்போது வேடிக்கையைக் கேளுங்கள். முப்படைக்கும் ஒரே சம்பளக் கணினித் திட்டம் வேண்டும் என்று 1990களில் பிரான்சில் வேலை தொடங்கினார்கள். அதற்கு வைத்த பெயரும் லூவ்வா! 2011 அக்டோபரில் தரைப்படை இதற்கு மாறியது. நிர்வாகச் செலவைக் குறைக்கிறோம் என்று, அதே சமயத்தில் பழைய சம்பள அலுவலகங்களை மூடினார்கள். படிகள், போர்முனைத் தொகைகள் என்று நூற்றுக்கும் மேற்பட்ட கணக்குகளை விரல் நுனியில் வைத்திருந்த குமாஸ்தாக்கள் கலைந்து போனார்கள்.

கணினி சிலருக்கு அள்ளிக் கொடுத்தது, சிலருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. கணவன் வெளிநாட்டுப் போர்முனையில் இருக்க, இங்கே மனைவி வாடகைக்கு வழியில்லாமல் நின்றாள். கூடுதலாகப் போட்ட பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பின்னால் கடிதமும் வந்தது. தவறாகப் போன தொகை பல நூறு மில்லியன் யூரோ. 2013 டிசம்பரில் மந்திரி லெ திரியான் இத்திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். மாற்றுத் திட்டம் 2019இல்தான் கடற்படையில் தொடங்கியது. அதுவரை பழுதான கணினியையே ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள். தவறுகளைத் திருத்தப் புதிதாக ஆட்களையும் எடுத்தார்கள்.

பட்டாளச் செலவில் வீண் எது என்று பார்க்கிறவர்கள் முதலில் கைவைப்பது குமாஸ்தாவின் மேசையில்தான். பழைய லூவ்வா ஆட்களை அனுப்பித் தலை எண்ண வைத்துப் பணத்தை மிச்சம் பிடித்தார். புதிய லூவ்வாவோ, எண்ணத் தெரிந்தவர்களை அனுப்பிவிட்டதால் பணத்தை இழந்தது. என்னைப் போன்ற பழைய குமாஸ்தாக்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.