காயலான் கடை ரேஸ் கார்கள்

கார் ரேஸ் என்றாலே காசுள்ளவன் விளையாட்டு என்று நாம் நினைக்கிறோம். வரலாறும் பெரும்பாலும் அதற்கு ஒத்துத்தான் போகிறது. இங்கிலாந்தில் 1907இல் திறக்கப்பட்ட ப்ரூக்லாண்ட்ஸ் தடம், கண்டவர்களும் வந்து நெரிக்காமல் 'சரியான' ஆட்கள் மட்டும் கூடும் இடம் என்று தன்னைப் பெருமையாகவே விளம்பரம் செய்துகொண்டது. அதே நாட்டில் சுமார் நாற்பது வருஷம் கழித்து, ஓட்டை உடைசல் குட்டிக் கார்களை வைத்துக்கொண்டு ஒரு கூட்டம் ரேஸ் ஓட்ட ஆரம்பித்தது. லோட்டஸ் வளர்ந்தது அந்தக் கூட்டத்துக்குள்தான். மலிவான ரேஸ் என்பது எப்படிச் சாத்தியமாகிறது, எதனால் கெட்டுப்போகிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கதை எனக்குத் தெரிந்து இல்லை.

கதை ஒரு பில்லியர்ட்ஸ் அறையில் ஆரம்பிக்கிறது. 1921இல் ஆஸ்டின் கம்பெனி கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. சின்னதாக ஒரு கார் செய்யலாம் என்று ஹெர்பர்ட் ஆஸ்டின் சொன்னதற்கு இயக்குநர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மனுஷன் ஸ்டான்லி எட்ஜ் என்ற 18 வயது வரைவாளரைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போய், பில்லியர்ட்ஸ் அறையில் உட்காரவைத்துக் காரை வரைய வைத்தார். கைக்காசைப் போட்டார். விற்கும் ஒவ்வொரு காருக்கும் தனக்கு இரண்டு கினி ராயல்டி என்று பேசிக்கொண்டார்.

1922இல் வந்த அந்த கார்தான் ஆஸ்டின் செவன். சைடுகார் வைத்த மோட்டார் சைக்கிளில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனவர்களுக்கான கார். நான்கு சிலிண்டர், சீக்கிரமே 747 சிசி என்று நிலைபெற்ற எஞ்சின், சுமார் பத்துக் குதிரைத்திறன். 'ஏ' எழுத்து மாதிரி ஒரு சேஸி. பிரேக் பிடித்தால் நிற்கும், ஆனால் உடனே அல்ல. 1939க்குள் ஏறக்குறைய 2,90,000 கார்கள் வெளிவந்தன. பிஎம்டபிள்யூ தயாரித்த முதல் காரே இதன் லைசன்ஸ் பதிப்புதான்.

லட்சக்கணக்கில் விற்ற பொருளுக்கு ஒரு இரண்டாவது ஆயுள் உண்டு. போர் முடிந்தபோது பிரிட்டனில் புதுக் கார்கள் ஏற்றுமதிக்குப் போயின. பெட்ரோலுக்கு ரேஷன், அது 1950 வரை நீடித்தது. உள்ளூர் ஆளுக்குக் கிடைத்ததெல்லாம் பழைய கார். நம்ம ஊர் காயலான் கடை மாதிரி, தெருவுக்குத் தெரு ஆஸ்டின் செவன் உதிரிப் பாகங்கள் கிடைத்தன. ஓட்ட இடமும் கிடைத்தது. ப்ரூக்லாண்ட்ஸ் 1939இல் மூடப்பட்டு, போர்க்காலத்தில் விமான உற்பத்தியிடமாகிவிட்டிருந்தது. ஆனால் விமானப்படை விட்டுப்போன ஓடுபாதைகள் நாடு முழுக்கக் கிடந்தன. சில்வர்ஸ்டோனும் ஸ்னெட்டர்டனும் அப்படி வந்த தடங்கள்தான்.

காரும் இருக்கிறது, இடமும் இருக்கிறது. போதுமா? போதாது. பழைய காரை வைத்து ரேஸ் ஓட்டினால் முதல் வருஷம் மலிவாக இருக்கும். இரண்டாம் வருஷம் ஒருத்தர் காசு கொடுத்து நல்ல பாகம் வாங்கிப் போடுவார், அவர் ஜெயிப்பார். மூன்றாம் வருஷம் எல்லோரும் அதை வாங்க வேண்டியிருக்கும். வாங்க முடியாதவர் வீட்டுக்குப் போவார். மலிவு காரில் இல்லை, விதியில் இருக்கிறது. ரேஸ் உலகில் 'ஃபார்முலா' என்ற சொல்லுக்கே அர்த்தம் அதுதான்: எதையெல்லாம் செய்யமாட்டோம் என்று போட்டியாளர்கள் முன்கூட்டியே செய்துகொள்ளும் ஒப்பந்தம்.

அந்த ஒப்பந்தத்தை எழுதியது 750 மோட்டார் கிளப். ஆஸ்டின் செவன் பிரியர்களுக்காக 1939இல் தொடங்கிய சங்கம். போருக்குப் பின் அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான ஹாலண்ட் பிர்க்கெட், தொழிலால் கால்நடை மருத்துவர். 1940களின் முடிவில் கிளப் கொண்டுவந்த 750 ஃபார்முலாவின் சாரம் எளிமையானது. காரின் அடிப்படை, அதாவது சேஸியும் எஞ்சினும், ஆஸ்டின் செவனுடையதாக இருக்க வேண்டும். அதற்கு மேல் உன் கைத்திறமை. தகரத்தை வளைத்து பாடி கட்டு, எடையைக் குறை, உன் ராத்திரிகளைச் செலவழி. காசுக்குப் பதில் நேரத்தைச் செலவழிக்கச் சொன்ன விதி என்று அதைச் சொல்லலாம்.

இங்கேதான் காலின் சாப்மன் வருகிறார். லண்டனில் சிவில் எஞ்சினியரிங் படித்த இளைஞர். 1948இல் காதலி வீட்டுக் கராஜில் ஒரு பழைய ஆஸ்டின் செவனைப் பிரித்துத் தன் முதல் காரைக் கட்டியவர். 1951இல் 750 ஃபார்முலாவுக்காக லோட்டஸ் மார்க் 3 என்ற காரோடு வந்தார். அவர் கண்டுபிடித்தது ஒரு சின்ன விஷயம். ஆஸ்டின் எஞ்சினில் சிலிண்டர் நான்கு, ஆனால் காற்றும் பெட்ரோலும் உள்ளே போக வாசல் இரண்டே இரண்டு. ஒரு காம்பவுண்டில் இரண்டு குடித்தனம் ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பது மாதிரி. ஒருவர் பிடிக்கும்போது இன்னொருவருக்கு வரத்து குறையும். சாப்மன் வாசலுக்குள் ஒரு தடுப்பை நுழைத்து, நான்கு சிலிண்டருக்கும் தனித்தனி வழி பண்ணிவிட்டார். எந்த விதியையும் மீறவில்லை, செலவும் பெரிதில்லை. அந்த சீசனில் அவரைப் பிடிக்க ஆளில்லை.

அதன் பிறகு கிளப் அந்த உத்தியைத் தடை செய்தது.

சாஃப்ட்வேர் எழுதுகிறவன் என்ற முறையில் என் முதல் அனுதாபம் சாப்மனுக்குத்தான் போகிறது. விதியின் எழுத்தை ஒழுங்காகப் படித்தவனுக்குத் தண்டனையா? ஆனால் கிளப்பின் பக்கம் நின்று பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது. எதிரில் நிற்பவர்கள் வாரநாளில் வேலைக்குப் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை ஓட்ட வருகிறவர்கள். ஒரே ஆள் எப்போதும் ஜெயித்தால் மற்றவர்கள் வருவதை நிறுத்திவிடுவார்கள். மலிவான ரேஸின் தீராத பிரச்சினை இது. எளியவனுக்குக் கதவைத் திறந்து வைக்கும் அதே விதி, கெட்டிக்காரன் தலையில் இடிக்கும். சாப்மன் மேலே போனார். அவருடைய லோட்டஸ் ஃபார்முலா ஒன்னில் ஏழு முறை தயாரிப்பாளர் பட்டம் வென்றது. கிளப் அங்கேயே இருந்தது. இருவருமே சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உலகத்தின் மறுகோடியில், ஆக்லாந்தில் பெட்ரோல் பங்க் நடத்தியவர் ஒரு ஆஸ்டின் செவனைப் பெட்டி பெட்டியாகப் பாகங்களாக வாங்கி வந்தார். அதைக் கட்டி, பதின்வயதில் ஓட்டிப் பழகிய அவர் மகன் ப்ரூஸ் மெக்லாரன்.

நம்ம பக்கமும் ஒரு ஓடுபாதை இருந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத்தளம். 1953இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் அங்கே ரேஸ் நடத்தியது. ஃபியட்டும் அம்பாசடரும் ஓடிய அதே கான்கிரீட்டில், வெளிநாட்டிலிருந்து வந்த ரேஸ் கார்களும் ஓடின. காசுக்கும் கைத்திறமைக்கும் இடையிலான இடைவெளி அங்கே கண்ணெதிரே தெரிந்தது.

அந்த இடைவெளியைக் குறைக்கப் பார்த்தவர் கோயம்புத்தூரின் கரிவரதன். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 அதற்குள் ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று சிலிண்டர், 796 சிசி. ஆஸ்டின் செவனைவிட 49 சிசிதான் அதிகம். லேத் பட்டறைகளும் ஃபவுண்டரிகளும் நிறைந்த ஊரில் இருந்துகொண்டு, இந்த எஞ்சினை வைத்து உள்நாட்டிலேயே ஒற்றை இருக்கை ரேஸ் காரைக் கட்டினார். 1988இல் தொடங்கிய அந்த வகைதான் பிற்பாடு ஃபார்முலா மாருதி என்று அறியப்பட்டது. அவர் 750 கிளப்பைப் பார்த்து இதைச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஒரே கணக்குக்கு ஒரே விடை வந்தது, அவ்வளவுதான்: ஊரில் எது அதிகம் ஓடுகிறதோ, எதன் பாகம் எந்தக் கடையிலும் கிடைக்குமோ, அதிலிருந்து ஆரம்பி.

நரேன் கார்த்திகேயனின் முதல் ரேஸ், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில், ஃபார்முலா மாருதியில்தான். 2005இல் அவர் ஃபார்முலா ஒன் போன முதல் இந்தியர் ஆனார். இரண்டாமவரான கருண் சந்தோக்கும் இதே வகுப்பிலிருந்து வந்தவர். கரிவரதன் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார். கோவை செட்டிப்பாளையத்துத் தடத்துக்கு அவர் பெயர்தான்.

ஆனால் ஒரு வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. இங்கிலாந்தில் கால்நடை மருத்துவரும் கல்லூரி மாணவரும் ஒரே வரிசையில் நின்றார்கள். இங்கே கரிவரதன், நரேன் இருவருமே வசதியான தொழில் குடும்பத்துப் பிள்ளைகள். எஞ்சின் மலிவானாலும் தடத்துக்கு வந்துசேரும் பாதை மலிவாகவில்லை. இன்று பல ரேஸ் தொடர்களில் காரையும் நடத்துபவர்களே கொண்டுவருகிறார்கள். கட்டணம் கட்டினால் ஓட்டலாம், எஞ்சின் சீல் வைத்திருக்கும். எல்லோருக்கும் ஒரே கார் என்பதால் நியாயமான ஏற்பாடுதான். ஆனால் ஒரு சாப்மன் அங்கே வந்தால் அவர் கைக்கு வேலை இருக்காது.

750 ஃபார்முலா இன்றும் ஓடுகிறது. ஆஸ்டின் செவன்கள் அருங்காட்சியகப் பொருளானபோது கிளப் ரிலையன்ட் மூன்று சக்கர வண்டிகளின் எஞ்சினுக்கு மாறியது. அதுவும் தீர்ந்துகொண்டு வந்தபோது ஃபியட் சின்னக் கார்களின் 1,108 சிசி எஞ்சினுக்கு மாறியது. எந்த எஞ்சின் என்பது அவர்களுக்கு எப்போதுமே முக்கியமில்லை. அந்தந்தக் காலத்தில் காயலான் கடையில் எது குவிந்து கிடக்கிறது என்று பார்ப்பார்கள். மாருதி 800 உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. நம்ம ஊர்க் காயலான் கடைகளில் இப்போது எது குவிந்து கிடக்கிறது என்று யாராவது போய்ப் பார்க்கலாம்.