பொம்பெயியின் சாபக் கற்கள்

கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்துப் பொம்பெயி நகரம் நுரைக்கல்லுக்கும் சாம்பலுக்கும் அடியில் புதையுண்டது. 1748இல் தொடங்கிய அகழாய்வு இன்னும் முடியவில்லை. அந்த இடிபாடுகளிலிருந்து எதை எடுத்துச் சென்றாலும் அது எடுத்தவரின் குடியைக் கெடுக்கும் என்றொரு நம்பிக்கை பயணிகளிடையே வேரூன்றியிருக்கிறது.

2005இல் தரைச் சில்லுகளையும் சாடித் துண்டுகளையும் எடுத்துச் சென்ற கனடா நாட்டுப் பெண்ணொருவர் 2020இல் அவற்றைத் திருப்பி அனுப்பினார். இருமுறை மார்பகப் புற்றுநோய்க்கு ஆளானதையும் பணக்கஷ்டத்தையும் கடிதத்தில் எழுதியிருந்தார். இப்படிப் பொட்டலங்கள் பல ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கின்றன. 2024 ஜனவரியில் நுரைக்கற்களோடு வந்த மற்றொரு கடிதத்தைத் தொல்லியல் பூங்காவின் இயக்குநர் கேப்ரியல் சுக்ட்ரீகல் வெளியிட்டார். அதிலும் புற்றுநோயே பேசப்பட்டது. அந்தத் துயரம் மெய்யானது, இரக்கத்துக்குரியது. ஆனால் கல்லை வைத்துக்கொண்டு நலமாக வாழ்பவர் கடிதம் எழுதுவதில்லை. நொந்தவர்களின் கடிதங்கள் மட்டுமே வந்து சேர்வதால் சாபம் தவறாமல் பலிப்பதுபோல் தோன்றுகிறது.

ரோமானியர் சாபமிடத் தெரியாதவர்கள் அல்லர். ஈயத் தகட்டில் எதிரியின் பெயரைக் கீறி, சுருட்டி, சில வேளை ஆணியும் அடித்து, கல்லறையிலோ கிணற்றிலோ இடுவார்கள். அவை குறிப்பிட்ட பகைவரை நோக்கியவை. பின்னாளில் வரப்போகும் பயணிக்காகப் பொம்பெயி மக்கள் எதையும் ஏவி வைக்கவில்லை.

அவர்களுடைய அச்சம் என்ன என்பதை 2019இல் தோட்ட வீடு எனப்படும் இல்லத்தில் கிடைத்த பெட்டி காட்டுகிறது. மரம் மக்கிப்போக, வெண்கலக் கீல்கள் மட்டும் எஞ்சியிருந்தன. உள்ளே எகிப்திய வண்டு உருவங்கள், அம்பர், கண்ணாடி மணிகள், மூடிய கைமுஷ்டி, குட்டி மண்டையோடு, ஆண்குறி வடிவங்கள். தீங்கு அண்டாமலிருக்க அணிந்த தாயத்துகள் இவை என ஆய்வாளர் கருதுகின்றனர். பொன் எதுவும் இல்லாததால் பணிப்பெண்ணுடையதாகவோ அடிமையுடையதாகவோ இருக்கலாம்.

இந்தப் பெட்டி பேசுவதற்குக் காரணம், எந்த வீட்டில், எந்த மண்ணடுக்கில், எவற்றோடு கிடந்தது என்பது பதிவானதே. பயணி பெயர்த்தெடுத்த சில்லுக்கு அந்தப் பதிவு கிடையாது. எந்தத் தரையின் எந்த மூலையிலிருந்து வந்தது என்று தெரியாத நிலையில், திரும்பி வந்தாலும் அதை உரிய இடத்தில் பதிக்க இயலாது.