ஒளிநாடா சொல்லும் பாடம்



அண்மையில் எங்கள் பள்ளியின் பொருளறையைத் துப்புரவு செய்தபோது, “பரிசளிப்பு விழா” என்று எழுதப்பட்ட கறுப்புப் பேழை ஒன்று கிடைத்தது. “ஐயா, இது என்ன பெட்டி?” என்று ஒரு மாணவன் வினவினான். அவனுக்குச் சொன்ன வரலாற்றையே இங்கும் எழுதுகிறேன்.

1956ஆம் ஆண்டு ஏப்ரலில், அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஆம்பெக்ஸ் நிறுவனம் தனது ஒளிப்பதிவுக் கருவியைக் காட்சிக்கு வைத்தது. சார்லஸ் கின்ஸ்பர்க் தலைமையிலான குழு உருவாக்கிய அக்கருவியின் நாடா இரண்டு அங்குல அகலமுடையது. தொலைக்காட்சி நிலையங்களே வாங்கக்கூடிய விலை அது. 1971இல் சோனி, நாடாவைப் பேழைக்குள் அடக்கி யூ-மேட்டிக் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது. 1975இல் வந்த பீட்டாமேக்ஸ் முதலில் ஒரு மணி நேரமே பதிந்தது. 1976இல் ஜேவிசியின் விஎச்எஸ் இரண்டு மணி நேரம் பதிந்தது. பின்னர் மூன்று மணி நேர நாடா வந்ததும், நம் தமிழ்ப்படம் ஒரே பேழையில் அடங்கிற்று.

படத்தைப் பதிய நாடாவும் பதிவுமுனையும் மிகுந்த வேகத்தில் உராய வேண்டும். நாடாவை விரைந்து ஓட்டினால் அது நொடியில் தீர்ந்துவிடும். ஆகவே முனையையே சுழற்றினர். நம் நாட்டு விஎச்எஸ் கருவியில் நாடா நொடிக்கு இரண்டரை செண்டிமீட்டருக்கும் குறைவாகவே நகரும். முனைகள் பொருந்திய உருளையோ நிமிடத்திற்கு 1,500 முறை சுழன்று, சாய்கோடுகளாகப் படத்தை எழுதும்.

1980களில், சுங்கைப்பட்டாணிக்கு அருகிலிருந்த எங்கள் பால்மரத் தோட்டத்தில், ஒரு வீட்டில் கருவி இருந்தால் லயமே அங்குத் திரளும். அக்காலத்தில் எங்கள் தலைமையாசிரியரின் பணிஓய்வு விழாவைப் பதிவு செய்து, பேழையை என்னிடம் ஒப்படைத்தனர். அதன் விளிம்பிலுள்ள சிறு தடுப்பை உடைத்துவிட்டால் மறுபதிவு நிகழாது. நான் உடைக்கவில்லை. ஒருநாள் கவனமின்றி அதன்மீதே திரைப்படமொன்றைப் பதிந்துவிட்டேன். அவர் உரையின் கடைசிச் சில நிமிடங்களே எஞ்சின. இன்று அவரும் இல்லை; தோட்டமும் செம்பனையாகிவிட்டது.

2016இல் ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் விஎச்எஸ் கருவி உற்பத்தியை நிறுத்தியது. நம் ஈரக்காற்றில் நாடாக்களில் பூஞ்சை படர்கிறது. பூஞ்சை படிந்த நாடாவைக் கருவியில் இடாதீர்கள். துப்புரவு செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல நிலையில் உள்ளவற்றை உடனே கணினிக் கோப்பாக மாற்றுங்கள். மூடப்பட்ட தோட்டப் பள்ளிகளின் முகங்கள் பல, உங்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்கின்றன.